எட்டுப் பொத்தான், ஐந்து கம்பி

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 62. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். 1990-களில் மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அன்று முதல் அவருடைய தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். யாருக்கு என்ன அளவு, யார் எவ்வளவு பாக்கி என்று அதில் எழுதி வைப்பார்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். வயது 10. பரணில் ஏறி எதையோ தேடினான். ஒரு பழைய டிவி கேம் பெட்டி கிடைத்தது. அது 1996-இல் தாத்தா தம் போனஸ் பணத்தில் வாங்கியது. தாத்தா இப்போது இல்லை.

பேரன் பெட்டியை டிவியில் இணைத்தான். படம் வந்தது. மரியோ என்ற குட்டி மனிதன் திரையில் நின்றான். ஆனால் ஓடவில்லை. வலது பக்க அம்பை எவ்வளவு அமுக்கினாலும் மரியோ நகரவில்லை. அந்த ஆட்டத்தில் வலது பக்கம் ஓடினால்தான் முன்னே போக முடியும்.

கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் ரிப்பேர் ஆகாதும்மா. தூக்கிப் போடுங்க. வேறே வாங்க 500 ரூபாய் ஆகும்" என்றார்.

500 ரூபாய் என்றால் பாட்டிக்கு மூன்று ஜாக்கெட் தைத்த கூலி. அது மட்டுமல்ல. தாத்தா வாங்கியதைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை.

"மிஷின் ஓடலேன்னா நான் தூக்கியா போடறேன்? திறந்து பார்த்துத் துடைச்சு எண்ணெய் விடறேன். இதையும் திறந்து பார்க்கலாம் வா, ராசா" என்றார்.

பாட்டி சொன்னது சரிதானா? வீட்டிலேயே இதைப் பழுது பார்க்க முடியுமா? பார்ப்போம்.

இது எங்கிருந்து வந்தது?

ஜப்பான் நாட்டில் நின்டெண்டோ என்ற நிறுவனம் இருக்கிறது. அது 1983 ஜூலை 15-ஆம் நாள் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. டிவியில் இணைத்து ஆடும் பெட்டி அது. அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள் பல நாடுகளில் விற்பனைக்கு வந்தன. 1990-களில் நம் நாட்டிலும் அவை பல பெயர்களில் விற்றன.

கையில் பிடித்து ஆடும் கருவியை நம் பிள்ளைகள் ஜாய்ஸ்டிக் என்று அழைத்தார்கள். பெயரில் 'ஸ்டிக்' இருக்கிறது. ஆனால் அதில் குச்சி கிடையாது. இடது பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான் இருக்கும். அதன் நான்கு முனைகள் மேல், கீழ், இடது, வலது. இந்தக் கூட்டல் குறிப் பொத்தானை வடிவமைத்தவர் குன்பெய் யோகோய் என்ற ஜப்பானியர். 1982-இல் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றுக்காக இதைச் செய்தார்.

நின்டெண்டோ 2003-இல் ஃபேமிகாம் தயாரிப்பை நிறுத்தியது. 2007 அக்டோபர் மாதத்தோடு அதைப் பழுது பார்த்துத் தரும் வேலையையும் நிறுத்திவிட்டது. உதிரி பாகங்கள் கிடைக்கவில்லை என்பது காரணம். செய்த நிறுவனமே கைவிட்ட பொருள் இது. இனி வைத்திருப்பவர்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஜாய்ஸ்டிக்கின் உள்ளே நான்கு பொருள்கள்தான் இருக்கின்றன.

முதலாவது, பிளாஸ்டிக் பொத்தான்கள்.

இரண்டாவது, அவற்றுக்குக் கீழே உள்ள ரப்பர். ரப்பரின் அடியில், பொத்தானுக்கு ஒன்றாக, சின்னச் சின்னக் கருப்புப் பொட்டுகள் இருக்கும். அவை கரி கலந்த பொட்டுகள். ரப்பரில் மின்சாரம் பாயாது. கரியில் பாயும். பழைய டார்ச் பேட்டரியை உடைத்தால் நடுவில் ஒரு கருப்புக் குச்சி இருக்குமே, அதுவும் கரிதான்.

மூன்றாவது, சர்க்யூட் போர்டு. இது ஒரு தட்டையான பலகை. ஒவ்வொரு பொட்டுக்கும் நேர் கீழே இந்தப் பலகையில் ஒரு கோலம் இருக்கும். இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் கோத்தது போல அது இருக்கும். பொத்தானை அமுக்கினால் கரிப்பொட்டு கீழே இறங்கும். இரண்டு சீப்புகளையும் சேர்த்துத் தொடும். வாய்க்காலின் குறுக்கே பலகை போட்டது போல மின்சாரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடக்கும். கையை எடுத்தால் ரப்பர் மேலே எழும்பும். பாலம் விலகும்.

நான்காவது, பெட்டிக்குப் போகும் ஒயர். அதன் உள்ளே ஐந்து மெல்லிய கம்பிகள் இருக்கும். சில பிளக்குகளில் ஒன்பது துளைகள் இருக்கும். ஆனாலும் ஜாய்ஸ்டிக் வேலை செய்ய ஐந்து கம்பி போதும்.

ஆஜர் எடுப்பது போல

இங்கே ஒரு கேள்வி வரும். பொத்தான்கள் எட்டு. கம்பிகள் ஐந்து. எட்டுப் பொத்தானின் செய்தியும் ஐந்து கம்பியில் எப்படிப் போகிறது?

நம் வகுப்பில் ஆஜர் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரைக் கூப்பிடுகிறார். ஒவ்வொருவராக "உள்ளேன்" என்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதில்லை.

இங்கேயும் அப்படித்தான். ஐந்து கம்பிகளில் இரண்டு, மின்சாரம் போவதற்கும் வருவதற்கும். மூன்றாவது கம்பி வழியாகப் பெட்டி, "இப்போது யார் யார் அமுங்கியிருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்" என்கிறது. ஜாய்ஸ்டிக்கில் உள்ள சிப் குறித்துக்கொள்கிறது. நான்காவது கம்பி வழியாகப் பெட்டி, "அடுத்தது, அடுத்தது" என்று கேட்கிறது. ஐந்தாவது கம்பி வழியாகப் பதில் போகிறது. வரிசை எப்போதும் ஒன்றுதான். ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை'.

இப்படி ஒரு விநாடிக்குள் ஐம்பது, அறுபது முறை ஆஜர் எடுக்கப்படுகிறது. அதனால்தான் விரலை அமுக்கியதும் மரியோ ஓடுவது போல நமக்குத் தெரிகிறது.

பிரிக்கும் முன் கவனியுங்கள்

வைத்தியர் முதலில் நோயாளியைக் கேள்வி கேட்பார். பிறகுதான் மருந்து. அதுபோல முதலில் அறிகுறியைக் கவனிக்க வேண்டும்.

ஒரே ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லையா? மற்ற ஏழும் நன்றாக இருக்கின்றனவா? அப்படியானால் கம்பிகள் நன்றாக இருக்கின்றன. அந்தப் பொத்தானின் கீழேதான் கோளாறு.

அழுத்தி அமுக்கினால் மட்டும் வேலை செய்கிறதா? பொட்டிலோ பலகையிலோ அழுக்கு இருக்கலாம். பொட்டு தேய்ந்தும் இருக்கலாம்.

அமுக்காமலே ஒரு பொத்தான் அமுங்கியது போல இருக்கிறதா? பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது டீ, சர்பத் போன்ற ஏதாவது உள்ளே கொட்டியிருக்கும்.

எட்டுப் பொத்தானும் வேலை செய்யவில்லையா? ஒயரை ஆட்டினால் வருவதும் போவதுமாக இருக்கிறதா? ஒயரின் உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

பிளக்கைக் கழற்ற முடிகிற பெட்டியானால் இன்னொரு சோதனையும் செய்யலாம். நன்றாக இருக்கும் வேறொரு ஜாய்ஸ்டிக்கை அதே இடத்தில் செருகிப் பாருங்கள். அதுவும் ஆடவில்லை என்றால் கோளாறு பெட்டியில். அது ஆடினால் கோளாறு உங்கள் ஜாய்ஸ்டிக்கில்.

பாட்டி தம் நோட்டில் இப்படி எழுதினார்: "வலது மட்டும் இல்லை. மற்ற ஏழும் சரி."

எச்சரிக்கை

ஜாய்ஸ்டிக்கில் ஓடுவது 5 வோல்ட் மின்சாரம்தான். அது ஆளை ஒன்றும் செய்யாது. ஆனாலும் பிரிக்கும் முன் பெட்டியின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

அடாப்டரைப் பிரிக்காதீர்கள். அதில் வீட்டு மின்சாரம் வருகிறது. பழைய பெரிய டிவியின் பின்பக்கத்தை ஒருபோதும் திறக்காதீர்கள். அதன் உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் இருக்கும். அணைத்த பிறகும் அது தங்கியிருக்கலாம்.

திறந்து துடைப்பது எப்படி?

ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள். கீழே விழும் சின்னப் பொருள் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு தட்டு வையுங்கள். திருகுகளை அதில் போடுங்கள்.

ஜாய்ஸ்டிக்கைக் கவிழ்த்து வையுங்கள். சின்ன ஸ்டார் திருப்புளியால் பின்பக்கத் திருகுகளைக் கழற்றுங்கள். பின் மூடியை மெதுவாக எடுங்கள். அவசரமாக நிமிர்த்தினால் பொத்தான்கள் கொட்டிவிடும்.

இப்போது எதையும் எடுக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் படம் வரையுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது, அதன் நிறம் என்ன என்று எழுதுங்கள். ஒயர் எந்த முளையைச் சுற்றி வளைந்து வருகிறது என்றும் குறியுங்கள்.

பிறகு பலகையைத் தூக்குங்கள். ரப்பரை எடுங்கள். பாட்டி எடுத்துப் பார்த்தபோது வலது அம்பின் கீழே பழுப்பு நிறத்தில் பிசுக்கு படிந்திருந்தது. முப்பது வருட வியர்வை, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், தின்ற முறுக்கின் தூள் எல்லாம் சேர்ந்த பிசுக்கு. பொட்டுக்கும் பலகைக்கும் நடுவே அது திரை போட்டுவிட்டது. மின்சாரம் எப்படிக் கடக்கும்?

பொத்தான்களையும் மூடியையும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். ரப்பரை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு மெதுவாக அலசலாம். பிறகு நிழலில் நன்றாக உலர வையுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது.

பலகையைத் தண்ணீரில் போடாதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கேட்டால் சின்னப் புட்டியில் கிடைக்கும். ஐ.பி.ஏ. என்றும் சொல்வார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்துச் சீப்புக் கோலத்தைத் துடையுங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வைக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை சில உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பலகையின் மேல் உள்ள கரிப்பூச்சு போய்விடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கெட்டுவிடும். கை கழுவும் சானிடைசரும் வேண்டாம். அதில் பசை இருக்கிறது.

பொட்டு தேய்ந்திருந்தால்?

துடைத்தும் வேலை செய்யவில்லை என்றால் பொட்டு தேய்ந்திருக்கலாம். அதை அறிய எளிய வழி இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் பொத்தானின் ரப்பரை எடுங்கள். அதன் பொட்டைக் கெட்டுப்போன இடத்தின் கோலத்தில் வைத்து அமுக்கிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் பெட்டியை இயக்க வேண்டும். திரையில் ஆள் நகர்ந்தால் பலகை நன்றாக இருக்கிறது. ரப்பர்தான் மோசம்.

பழைய டிவி ரிமோட்டின் உள்ளேயும் இதே போன்ற ரப்பரும் பொட்டும் இருக்கின்றன. உடைந்த ரிமோட்டின் பொட்டை மெல்லியதாக வெட்டி எடுக்கலாம். தேய்ந்த பொட்டின் மேல் பசை வைத்து ஒட்டலாம். ஒட்டும்போது பசை பொட்டின் முகத்தில் படக் கூடாது. ரிப்பேர் கடைகளில் ஒட்டுவதற்கென்றே கரிப்பொட்டுகளும் கிடைக்கும்.

சிலர் வெள்ளிக் காகிதத்தை ஒட்டுவார்கள். அது உடனே வேலை செய்யும். ஆனால் சில நாளில் உரிந்துவிடும். உரிந்த துண்டு பலகையில் விழுந்து, தொடக் கூடாத இரண்டு இடங்களை இணைத்துவிடும். அவசரத்துக்கு மட்டுமே அது சரி.

கம்பி அறுந்திருந்தால்?

பாட்டி துடைத்து மூடினார். வலது அம்பு வேலை செய்தது. மரியோ ஓடினான். பேரன் கைதட்டினான். கால் மணி நேரம் ஆடினான். திடீரென்று எட்டுப் பொத்தானும் நின்றுவிட்டன.

"போச்சு பாட்டி! நாமதான் கெடுத்துட்டோம்" என்றான் பேரன்.

பாட்டி பதறவில்லை. ஒயரை மெல்ல ஆட்டினார். உயிர் வந்தது. மறுபடி போனது. ஜாய்ஸ்டிக்கின் கழுத்தில், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் ஆட்டினால்தான் அப்படி ஆனது. இது இரண்டாவது கோளாறு. முன்பே இருந்தது. அமுக்கி ஆடியதில் வெளியே வந்தது.

ஒயர் அறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, ஜாய்ஸ்டிக்கின் கழுத்து. இன்னொன்று, பிளக்கின் கழுத்து. அங்கேதான் ஒயர் அதிகமாக மடங்குகிறது. மேல்தோல் நன்றாக இருக்கும். உள்ளே கம்பி முறிந்திருக்கும்.

எந்தக் கம்பி என்று அறிய மல்டிமீட்டர் உதவும். அதை ஒலி எழுப்பும் குறியில் வைக்க வேண்டும். ஒரு முனையைப் பிளக்கின் துளையிலும், மறு முனையைப் பலகையில் அந்தக் கம்பி சேரும் இடத்திலும் வைக்க வேண்டும். துளை சின்னதாக இருந்தால் ஒரு குண்டூசியைச் செருகித் தொடலாம். 'பீப்' என்று கத்தினால் கம்பி நல்லது. கத்தவில்லை என்றால் அறுந்திருக்கிறது. அப்போதும் அடாப்டர் சுவரில் இருக்கக் கூடாது. பிளக்கும் பெட்டியிலிருந்து கழன்றிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். பாட்டி அவரைக் கூப்பிட்டார். அவர் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் கொண்டு வந்தார். பழுப்பு நிறக் கம்பி கத்தவில்லை. கழுத்தை ஒட்டிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச ஒயரைப் பலகையில் வைத்துப் பற்ற வேண்டும். ஒயர் இரண்டு விரற்கடை குட்டையாகும். அதனால் நஷ்டம் இல்லை.

அவர் வெட்டினார். பலகையில் ஒட்டியிருந்த பழைய துணுக்குகளையும் எடுத்துவிட்டார். பிறகு கையில் ஐந்து நிறக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு விழித்தார்.

"அய்யோ, எது எங்கே இருந்துச்சுன்னு பார்க்காம விட்டுட்டேனே அம்மா! நகல் பெட்டியில் நிறத்தை நம்பவே முடியாது. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி போட்டிருப்பான்."

பாட்டி நோட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். "இடப்பக்கத்திலிருந்து படிக்கறேன். வைங்க தம்பி" என்று சொல்லிப் படித்தார். "வெள்ளை. மஞ்சள். சிவப்பு. பழுப்பு. கருப்பு."

அவர் அதே வரிசையில் பற்றவைத்தார். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். சூடு நிறைய நேரம் பட்டால் பலகையின் செப்புக்கோடு உரிந்துவிடும். பற்றவைக்கும்போது எழும் புகையை முகர்வது கெடுதல். அதனால் சன்னலைத் திறந்து வைத்தார். பேரனைத் தள்ளி நிற்கச் சொன்னார். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஒயரை மறுபடியும் அந்தப் பிளாஸ்டிக் முளைகளைச் சுற்றி வளைத்து வைத்தார்கள். இது முக்கியம். பிள்ளைகள் ஒயரை இழுத்தால் முளை தாங்கிக்கொள்ளும். பற்றுக்கு இழுப்பு போகாது.

எது முடியாது?

எல்லாவற்றையும் வீட்டில் சரிசெய்ய முடியாது. நகல் ஜாய்ஸ்டிக் பலவற்றில் சிப்பின் மேல் கருப்புச் சொட்டு ஒன்று ஊற்றியிருக்கும். கம்பியும் ரப்பரும் சரியாக இருந்து, எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் சிப் போயிருக்கலாம். அதை மாற்றுவது வீட்டு வேலை அல்ல. பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு, டெல்லி லாஜ்பத் ராய் மார்க்கெட் போன்ற இடங்களில் வேறு ஜாய்ஸ்டிக் தேடலாம். வாங்கும் முன் பிளக்கின் துளைகளை எண்ணிப் பாருங்கள். பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

கெட்டதைக் குப்பையில் போடாதீர்கள். ரப்பரையும் பொத்தானையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். செம்பு எடுப்பதற்காக ஒயரை எரிக்கவே கூடாது. அந்தப் புகை நஞ்சு. மின்னணுக் கழிவை முறைப்படி கையாள நம் நாட்டில் சட்ட விதிகள் உள்ளன. புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன.

ஆடி முடித்ததும் ஒயரை ஜாய்ஸ்டிக்கின் மேல் இறுக்கிச் சுற்றாதீர்கள். தளர்வாக வளையம் போட்டு வையுங்கள். கையைக் கழுவிவிட்டு ஆடச் சொல்லுங்கள்.

பாட்டி வீட்டில் என்ன ஆயிற்று?

அன்று மாலை மரியோ நிற்காமல் ஓடினான். ஐ.பி.ஏ. புட்டிக்கும் பஞ்சுக் குச்சிக்கும் ஆன செலவைப் பாட்டி நோட்டில் எழுதினார். எலெக்ட்ரீஷியன் காசு வாங்கவில்லை. அவருடைய மகளின் பாவாடைக்கு ஓரம் அடித்துக் கொடுத்துப் பாட்டி கணக்கைத் தீர்த்தார்.

மறுநாள் பேரன் ஒரு டிவி ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எதிர் வீட்டுக்காரர் குப்பையில் போட இருந்தது. "பாட்டி, இதுலயும் பொட்டுதானே?" என்றான்.

"முதல்ல பேட்டரியை எடு. அப்புறம் என்ன கோளாறுன்னு எழுது" என்றார் பாட்டி.

அவன் நோட்டில் எழுதினான்.

சிந்திப்போம்

1. ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கும்? எட்டும் வேலை செய்யவில்லை என்றால் எங்கே இருக்கும்?
2. பலகையை ஏன் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது?
3. பாட்டி எழுதி வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் சரியாக வேலை செய்யாத டிவி ரிமோட் இருக்கிறதா? பேட்டரியை எடுத்துவிட்டு அதைத் திறந்து பாருங்கள். உள்ளே பார்த்ததைப் படமாக வரைந்து, பெயர்களை எழுதுங்கள். அடுத்த வகுப்பில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.